செந்தரக் காது

காதைக் காப்பாற்ற வேண்டுமானால் காது டாக்டரிடம் போக வேண்டும், அரசு நிலையத்துக்குப் போகக் கூடாது. உஸ்மானுக்கு இது தெரியாமல் இல்லை. டாக்டரிடம் போய்விட்டுத்தான் வந்தான். நிலையத்துக்குப் போகச் சொன்னது கம்பெனி.

ஓசூர் சிப்காட் ஓரத்தில் ஒரு ப்ரஸ் ஷாப்பில் உஸ்மான் ஆபரேட்டர். தகட்டை வைத்துப் பெடலை மிதித்தால் மேலேயிருந்து டை என்கிற வெட்டு அச்சு இறங்கி வட்ட வட்டமாக வெட்டித் தள்ளும். வரிசையாக எல்லா மெஷினும் சேர்ந்து இறங்கும்போது நெஞ்சுக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருக்கும். அங்கே யாரும் சத்தம் போட்டுப் பேசுவதில்லை, போட்டாலும் பிரயோஜனமில்லை. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு. வந்த புதிதில் திணறுவார்கள், போகப் போகப் பழகிவிடும். பழகிவிட்டது என்றால் காது போய்விட்டது என்று அர்த்தம். மெஷின் பக்கம் இருந்த வலது காது உஸ்மானுக்கு முழுசாகப் போயாயிற்று. இடது காது மட்டும் அல்லாஹ்வின் கருணையில் மிச்சமிருந்தது.

அந்த மிச்சத்தின் மேல் அவன் உயிரையே வைத்திருந்தான். காரணம் ஜைபா. மகளுக்கு நாலு வயது. அத்தா வேலையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் மடியில் ஏறி, இடது காதைச் சுற்றிக் கையைக் குவித்து ரகசியம் சொல்வாள். எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டது ரகசியம். அம்மா டீயில் சர்க்கரை போட மறந்தது ரகசியம். வலது காதுக்கு அவள் வைத்த பெயர் ‘தூங்குற காது’. அதை எழுப்பக் கூடாதென்று வாயில் விரலை வைத்து அத்தாவையே அதட்டுவாள். உஸ்மானின் மனைவி கௌசர் அடுப்படியிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள்.

ப்ரஸ்ஸை விட்டு நகராவிட்டால் இந்தக் காதும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷாப்பில் பேக்கிங் தனிக் கட்டிடம். அட்டைப்பெட்டியும் டேப்பும்தான், கிழிக்கிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கிடையாது. அங்கே மாற்றித் தாருங்கள் என்று உஸ்மான் கேட்டான். தாராளமாகத் தருகிறோம், மண்டல ஒலி அளவீட்டு நிலையத்திலிருந்து சான்று வாங்கி வா என்றார் ஹெச்.ஆர். மேடம். டாக்டர் சீட்டு செல்லாதாம். டாக்டர் காதைப் பார்க்கிறவர், சத்தத்தைப் பார்ப்பது நிலையம்தானாம். என்ன இருந்தாலும் படித்தவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கும் என்று நம்பி உஸ்மான் சூளகிரி போகிற பஸ்ஸில் ஏறினான்.

நிலையம் நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. வாசலில் ‘அமைதி காக்கவும்’ என்று ஒரு பலகை. பலகைக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் பலகையை நட்டவரின் ஆதங்கம் நன்றாகப் புரிந்தது. உள்ளே இயக்குநர் கமலக்கண்ணன். தெற்கேயிருந்து மாற்றலில் வந்தவர். பேச ஆரம்பித்தால் எதிரில் மைக் இருப்பதுபோலவே கழுத்தை நீட்டிக்கொள்வார். உஸ்மான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சத்தத்தை அளக்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார்.

தொழில்நுட்ப அலுவலர் ராஜலட்சுமி அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். தட்டில் வைத்துக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. போன ஆயுத பூஜைக்கு இயக்குநரே முன்னால் நின்று எல்லாக் கருவிகளுக்கும் சந்தனம் வைத்துப் பொட்டு வைத்தார். மேஜைக்கு ஒரு பொட்டு, ஜெனரேட்டருக்கு ஒரு பொட்டு. ஒலிமானிக்கு எங்கே வைப்பது? முன்னால் உருண்டையாக நெற்றி மாதிரி இருந்த இடத்தில் வைத்தார். அதுதான் அதன் மைக். சும்மா சொல்லக் கூடாது, தாராளமாகவே அப்பியிருந்தார். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கருவி லாரி ஹாரனையும் கொசுவையும் ஒரே மாதிரி மதித்தது. துடைக்கலாமே என்று தோன்றும். பூஜை போட்ட பொட்டைத் துடைக்க யாருக்குக் கை வரும்? சென்னைக்கு எழுதலாம். எழுதினால் பொட்டு வைத்தது யார் என்று கேள்வி வரும்.

“சான்று கொடுக்க எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது பாய்,” என்றார் இயக்குநர். “ஆனா கருவி வேலை செய்யணும்லா. வேலை செய்யலன்னும் நான் எழுத முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. இங்க ஒரு பெரிய வேலை கெடக்கு. அதுல எங்களுக்கு ஒத்தாசையா இருங்க. முடிஞ்ச அன்னிக்கு உங்க சான்று உங்க கையில.”

அந்தப் பெரிய வேலை என்னவென்று சொல்ல வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்காரர்கள் குரங்கு விரட்ட ஏர்கன் வைத்திருக்கிறார்கள். ஒரு தோப்பில் சுட்ட சத்தத்தில், பக்கத்து ஆய்வு மாளிகையில் மதியம் கண்ணயர்ந்திருந்த ஒரு மேலதிகாரி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார். அடி ஒன்றும் பலமில்லை, உத்தரவுதான் பலமாக வந்தது. இனிமேல் ஏர்கன் வைத்திருப்பவர்கள் எல்லோரும் முனையில் ஒலி தணிக்கும் குழாய் மாட்ட வேண்டும், எந்தக் குழாய் எவ்வளவு தணிக்கிறது என்று நிலையம் அளந்து சொல்ல வேண்டும். அந்தக் குழாய்க்கு ஆங்கிலத்தில் மாடரேட்டர் என்று பெயர். கோப்பைத் தமிழாக்கியவர் அகராதியைப் பார்த்து ‘நடுவர்’ என்று எழுதிவிட்டார். ஒரு தடவை கோப்பில் ஏறிய பெயரை இறக்க முடியாது. அதனால் நிலையத்தில் எல்லோரும் ‘நடுவரை மாட்டு’, ‘நடுவரைக் கழற்று’, ‘நடுவருக்கு எண்ணெய் போடு’ என்றே பேசினார்கள். முதலில் உஸ்மானுக்கு வினோதமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், சுட்ட சத்தம் வெளியே வராமல் பார்த்துக்கொள்கிறவருக்கு நடுவர் என்ற பெயர் ஒன்றும் பொருத்தமில்லாமல் போய்விடவில்லை.

ஒரு நடுவரைக் கழற்றி அவனிடம் காட்டினார்கள். குழாய்க்குள் வடை மாதிரி நடுவில் ஓட்டை போட்ட தட்டுகள் அடுக்கியிருந்தன. உஸ்மான் ஒரு தட்டை எடுத்து ஓரத்தைத் தடவினான். அந்தப் பிசிறு அவனுக்குத் தெரியும். அவனுடைய ப்ரஸ்ஸில் அடித்த தட்டு. எதற்கு அடிக்கிறோம் என்று இதுவரை யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. சத்தத்தை அடக்குகிற தட்டை அடித்த சத்தத்தில்தான் அவன் காது போயிருக்கிறது. நிலையத்துக்கு உதவப் போகிறான் என்று தெரிந்ததும் ஹெச்.ஆர். மேடம் ஒரு கேள்வியும் கேட்காமல் ‘ஆன் டியூட்டி’ போட்டுக் கொடுத்ததன் மர்மம் அப்போது விளங்கியது.

சோதனை பின்பக்கத் தகரக் கொட்டகையில். ஒரு ஸ்டாண்டில் ஏர்கன், எதிரில் மணல் மூட்டை. சுடுகிறவர் முனிவேல், நாட்றாம்பாளையத்துக்காரர், காட்டோரத்தில் பன்றிக்குக் காவல் இருந்து கண் பழகியவர். ஒரு தடவை சுட்டதும் கன்னடத்தில் ‘ஆயித்து’ என்று சொல்வது அவர் வழக்கம். வேலை முடிந்தது என்று அர்த்தம். ஏர்கன் முனைக்குப் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி ஒரு ஸ்டூல். கருவி இருக்க வேண்டிய இடம் அது. கருவிக்குப் பதில் உஸ்மான் உட்கார்ந்தான். சத்தம் கேட்டால் கை தூக்க வேண்டும், கேட்காவிட்டால் வாய்விட்டு ‘கேட்கல’ என்று சொல்ல வேண்டும். ராஜலட்சுமி எழுதிக்கொள்வார்.

முதல் நாள் அவன் தற்செயலாக வலது காதைத் துப்பாக்கிப் பக்கம் வைத்து உட்கார்ந்தான். இடது காதில் பஞ்சு. நடுவரை மாட்டிச் சுட்டார்கள். கேட்கல என்றான். இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. இப்படி ஒரு நடுவரா! கழற்றிவிட்டுச் சுட்டார்கள். அதற்கும் கேட்கல என்றான். மலர்ந்த முகம் வாடிவிட்டது. நடுவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மேலே எழுதினால் நடுவர் எதற்கு, நிலையம் எதற்கு, இயக்குநர் எதற்கு என்று போய்க்கொண்டே இருக்கும்.

வழி கண்டுபிடித்தவர் இயக்குநர்தான். மூளை இல்லாமலா அந்த நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார்கள்? நடுவர் மாட்டியிருக்கும்போது உஸ்மான் வலது காதைக் காட்டட்டும். கழற்றியிருக்கும்போது திரும்பி உட்கார்ந்து இடது காதைக் காட்டட்டும். காட்டாத காதில் பஞ்சு. ராஜலட்சுமி மெதுவாக, ரெண்டும் ஒரே காதாக இருக்க வேண்டாமா சார் என்று கேட்டார்.

“ரெண்டும் ஒரே ஆளோட காதுதானம்மா,” என்றார் இயக்குநர். “சத்தம் ஒரு பிரச்சினையே இல்ல. அது கேக்குறதுதான் பிரச்சினை. துப்பாக்கியில குறைஞ்சாலும் குறைப்புதான், காதுல குறைஞ்சாலும் குறைப்புதான். அறிவியலுக்குப் பாகுபாடு கிடையாது.”

ராஜலட்சுமி அதையும் எழுதிக்கொண்டார். நடுவர் இல்லாத துப்பாக்கி முதல் தடவை இடது காதுக்கு நேரே வெடித்தபோது உஸ்மான் ஸ்டூலோடு துள்ளினான். கை தானாக மேலே போனது. பிறகு திரும்பி உட்கார்ந்தான், நடுவரை மாட்டினார்கள், கேட்கல என்றான். நூற்றுக்கு நூறு தணிப்பு. இயக்குநர் எல்லோருக்கும் டீ வாங்கித் தந்தார். உஸ்மானுக்கு டீக்கிளாஸை வைக்கிற சத்தமே கொஞ்சம் தள்ளி எங்கேயோ வைப்பதுபோல இருந்தது. ஒரு நாள்தானே, சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு நாளில் முடிகிற விஷயமா அது? ஊரில் நடுவர் செய்கிற கம்பெனிகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. நடுவர் இல்லாமல் சுட்ட சத்தம் எல்லாத் துப்பாக்கிக்கும் ஒன்றுதானே, ஒரு தடவை கேட்டதையே எல்லாவற்றுக்கும் எழுதிக்கொள்ளக் கூடாதா என்று உஸ்மான் கெஞ்சினான். ஒரு கோப்பின் சத்தத்தை இன்னொரு கோப்புக்கு மாற்ற விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் ஒவ்வொரு கோப்புக்கும் சராசரி எடுக்க வேண்டும், சராசரி என்றால் திரும்பத் திரும்பச் சுட வேண்டும். சின்னத் துப்பாக்கியில் சத்தம் போதவில்லை, தணிப்பு எடுப்பாகத் தெரியவில்லை என்று ஒரு கம்பெனிக்காரர் குறைப்பட்டதால் பெரிய சிலிண்டர் வைத்த மாடலைக் கொண்டுவந்தார்கள். ஒரு முழம் என்பதை ஒரு சாண் ஆக்கினார்கள். நெடுஞ்சாலைச் சத்தம் உள்ளே வந்து கெடுக்கிறது என்று தகரக் கதவையும் சாத்தினார்கள்.

காது வலிக்கிறது என்று உஸ்மான் ராஜலட்சுமியிடம் சொல்லிப் பார்த்தான். நல்ல பெண்மணிதான், முகத்தில் வருத்தம் தெரிந்தது. “வலிக்கு எங்ககிட்ட யூனிட் இல்லீங்க,” என்றார். “யூனிட் இல்லாததை நான் எப்படிங்க எழுதறது?” சொல்லிவிட்டுத் தன் டப்பாவிலிருந்து புதுப் பஞ்சு எடுத்துக் கொடுத்தார். அது வலது காதுக்கு.

வீட்டில் கௌசர் கண்டுபிடித்துவிட்டாள். குக்கர் விசில் போட்டுப் போட்டு அடங்கியும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை. அவன் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, “சான்றும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கிப் போவாதீங்க,” என்றாள். அவன் சொன்னான், இப்போது விட்டுவிட்டால் திரும்ப ப்ரஸ்ஸுக்குத்தான் போக வேண்டும், இன்னும் கொஞ்ச நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டால் ஆயுசுக்கும் பேக்கிங், காது தப்பித்துவிடும். கௌசர் அவன் தாடையை விட்டுவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள். காதைக் காப்பாற்றக் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் என்ன பேசுவது? ஜைபா ரகசியம் சொல்ல வந்தாள். இன்னொரு தடவை சொல்லும்மா, கொஞ்சம் சத்தமாக என்றான் உஸ்மான். சத்தமாகச் சொன்னால் அது ரகசியம் இல்லையே என்று அவள் கோபித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

கொட்டகையில் அவன் ஒன்றைக் கவனிக்க ஆரம்பித்தான். முன்பெல்லாம் முனிவேல் சொல்கிற ‘ஆயித்து’ காதில் விழும். இப்போது உதட்டில்தான் தெரிந்தது. துப்பாக்கி வெடித்தால் கன்னத்தில் காற்று அடிக்கும், அதற்குப் பின்னால் ஏதோ தூரத்தில் தட்டியதுபோல ஒரு சத்தம், அப்புறம் முனிவேலின் உதடு. முனிவேலுக்கும் புரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் கதவோரம் கூட்டிப்போய், நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“பாய், பன்னிக்குக்கூட நான் காதுல வெச்சுச் சுட்டதில்ல. நாளைக்கி வராத.”

“சான்ற வாங்கினதும் நின்னுடறேன் அண்ணா,” என்றான் உஸ்மான். முனிவேல் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்கும் தினக்கூலி, சுடாமல் இருக்க முடியாது.

கடைசியாகக் களச் சோதனை. சூளகிரியைத் தாண்டி வெங்கடம்மாள் என்ற அம்மாளின் மாந்தோப்பு. மரமெல்லாம் காய், காய்க்கு நடுவில் குரங்கு. நிலையத்து ஜீப்பே வந்து நின்றது. பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இயக்குநர் உட்கார்ந்தார். சிறந்த நடுவரை மாட்டி முனிவேல் மரத்துக்கு மேலே வானத்தைப் பார்த்துச் சுட்டார். ஒரு குரங்கும் திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடியும் சுட்டார். ஒரு தாய்க்குரங்கு குட்டிக்குப் பேன் பார்ப்பதை நிறுத்திவிட்டு, கிளையிலிருந்து ஒரு காயைப் பறித்துக் கடித்து, புளித்ததோ என்னவோ, இயக்குநரின் மடியில் போட்டது. இயக்குநர் எழுந்து நின்று கை தட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று நாம் சொல்வோம். குரங்கைப் பிடித்தே பிள்ளையார் ஆக்கத் தெரிந்தவர் அவர். ‘களத்திலிருந்த உயிரினங்கள் எவையும் ஒலி கேட்டதாகத் தெரிவிக்கவில்லை’ என்று ராஜலட்சுமியை எழுதச் சொன்னார்.

வெங்கடம்மாள் தெலுங்கில் ஏதோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். “சத்தமே இல்லன்னா அது எதுக்கு சாமி ஓடும்?”

“அம்மா, குரங்க ஓட்டுறது எங்க துறை இல்ல,” என்றார் இயக்குநர் கனிவாக. “சத்தம் மட்டுந்தான் எங்க துறை. சத்தம் இல்லன்னா எங்க வேலை வெற்றி. காய் இல்லன்னா அதுக்கு வேற அலுவலகம் இருக்கு, கிருஷ்ணகிரியில.”

இத்தோடாவது முடிந்திருக்கலாம். தணிக்கை வந்தது. கணக்குப் பார்க்க வந்தவர் நல்லவர், பொட்டைப் பற்றிக் கேட்கவில்லை, காதைப் பற்றிக் கேட்கவில்லை. சோதனை எல்லாம் பழைய படிவத்தில் எழுதியிருக்கிறது, புதுப் படிவம் வந்தாயிற்றே என்று மட்டும் கேட்டார். பழைய முடிவுகளைப் புதுப் படிவத்தில் பெயர்த்து எழுதினால் அது மோசடி என்றும் எச்சரித்தார். நேர்மை என்று வந்துவிட்டால் நிலையம் யாருக்கும் சளைத்ததில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடியும் சுட்டார்கள். உஸ்மான் ஸ்டூலில் உட்கார்ந்து இடது காதைக் காட்டினான், திரும்பி வலது காதைக் காட்டினான், மறுபடியும் இடது. முன்பு ஒவ்வொரு வெடிக்கும் துள்ளியவன் இப்போது துள்ளவில்லை. கடைசிக் கோப்புக்கு நடுவரைக் கழற்றிவிட்டுச் சுட்டபோது கன்னத்தில் காற்று மட்டும் அடித்தது. முனிவேலின் உதடு அசைந்தது. உஸ்மான் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் ‘கேட்கல’ என்றான். ராஜலட்சுமி பேனாவை வைத்துவிட்டு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் யோசித்தார். இந்த நடுவர் கழற்றிய பிறகும் வேலை செய்கிறதே என்று வியந்து, அந்தக் கம்பெனிக்கே முதல் பரிசு என்று தீர்மானித்தார்.

விழா கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில். நிலையத்து அரங்கில் சத்தம் எதிரொலிக்கிறது என்பதால் மண்டபம். மேடையின் இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். உஸ்மானை ஒரு ஸ்பீக்கருக்கு அடியில் உட்காரவைத்தார்கள். இனி எங்கே உட்கார்ந்தால் என்ன? கௌசர் பெண்கள் வரிசையில் ஜைபாவை மடியில் வைத்திருந்தாள். அவன் சட்டைப் பையில் டாக்டர் சீட்டு. இன்றைக்குச் சான்று கிடைத்துவிடும், நாளைக்குப் பேக்கிங். காது போனாலும் வேலையாவது பத்திரமான இடத்தில் இருக்கட்டும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தான்.

மேடைக்கு அழைத்து அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கண்ணாடி போட்ட ஒரு சட்டகத்தைக் கையில் கொடுத்தார்கள். அதில் பெரிய எழுத்தில் ‘செந்தரக் காது’, அதாவது ஸ்டாண்டர்டு காது, என்றும், அதன் கீழே, தமிழ்நாட்டின் ஒலி அளவீட்டுக்கு அளவுகோலாக விளங்கும் காதுகளின் உரிமையாளர் என்றும் போட்டிருந்தது. உஸ்மான் அதைப் படித்துவிட்டுத் திருப்பிப் பார்த்தான். பின்னால் அட்டைதான். சான்று எங்கே?

இயக்குநர் மைக் முன்னால் நின்றார். மைக் அவர் வாயை முழுசாக மறைத்துவிட்டது. உதடு தெரியவில்லை. உஸ்மானின் காதில் விழாததை நான் சொல்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று நம் முன்னோர்கள் கேலியாகச் சொல்லிவைத்தார்கள், ஆனால் சங்கின் தரத்தை அறிய அதைவிடச் சிறந்த காது உண்டா என்று அவர்கள் யோசிக்கவில்லை என்றார். ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், கேட்பது குறைந்தால் நிர்வாகம் தானாகச் சீராகும், அந்தத் திசையில் இந்த நிலையம் வைத்த முதல் அடி இது என்றார். மண்டபம் கை தட்டியது. பிறகு அவர் பெருந்தன்மையோடு உஸ்மான் பக்கம் திரும்பினார்.

“பாய், உங்களுக்கு ஏதாவது கேக்கணும்னா இப்பவே கேக்கலாம். மேடையில வெச்சே கேளுங்க. செஞ்சு தரக் கடமைப்பட்டிருக்கேன்.”

எல்லோரும் தன்னைப் பார்ப்பது உஸ்மானுக்குத் தெரிந்தது. ஏதோ கேள்வி வந்திருக்கிறது. என்ன கேள்வி? மைக்கைப் பார்த்தான், ராஜலட்சுமியைப் பார்த்தான், அவர் குனிந்துகொண்டார். இத்தனை நாள் பழக்கத்தில் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

“கேக்கல சார்.”

“பார்த்தீங்களா!” என்றார் இயக்குநர் மண்டபத்தைப் பார்த்து. “ஒண்ணும் கேக்கலங்காரு. இந்தக் காலத்துல அரசாங்கத்துக்கிட்ட ஒண்ணுமே கேக்காத ஒரு மனுஷனை நான் இப்பத்தான் பாக்கேன்.”

உஸ்மான் அவர் பக்கமாக ஒரு எட்டு வைத்தான். டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினான். தன் குரலே தனக்குத் தெரியாததால் மண்டபமே திரும்புகிற அளவுக்குக் கத்தினான். “கேக்கல சார்! எனக்குக் கேக்கல! ஒண்ணுமே கேக்கல!”

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. சீட்டை வாங்கி, விழா நினைவாக வைத்துக்கொள்வதாகச் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ‘கேட்பாளர் உஸ்மான் தனக்கென எதுவும் கேட்கவில்லை’ என்று கோப்பை முடித்துவிடும்படி மேடையிலேயே ராஜலட்சுமிக்கு உத்தரவிட்டார். முன்வரிசையில் மேலதிகாரிகள் எழுந்து நின்றார்கள். அத்தனை கைகளும் ஒன்றோடொன்று மோதுவதை உஸ்மான் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசி வரிசையில் முனிவேல் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஷாப்பில் ஹெச்.ஆர். மேடம் சட்டகத்தைப் பார்த்து அசந்துபோனார். மாநிலத்துக்கே அளவுகோலான காதுக்குப் பேக்கிங்கில் என்ன வேலை என்று உதடு நன்றாகத் தெரியும்படி நிதானமாகக் கேட்டார். ப்ரஸ்ஸுக்கு மேலே ஆணி அடித்து அதை மாட்டச் சொன்னார். ஒவ்வொரு தடவை டை இறங்கும்போதும் கண்ணாடி அதிர்ந்தது. அவனுக்கு அது நல்லதாகப் போயிற்று, மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்று அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். புதிதாக இன்னொரு ஆர்டர் வந்திருந்தது. நடுவர்களுக்குத் தட்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ஜைபா கோபத்தையெல்லாம் மறந்துவிட்டு ஓடிவந்து மடியில் ஏறினாள். இடது காதைச் சுற்றிக் கையைக் குவித்தாள். உஸ்மான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தான். காதில் சூடாக அவள் மூச்சு பட்டது. கொட்டகையில் இத்தனை சோதனையிலும் ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டதாகச் சொல்லாதவன், மகளுக்காகக் கையை உயரத் தூக்கினான். கேட்டுவிட்டது என்று சிரித்துத் தலையையும் ஆட்டினான்.

கண்ணைத் திறந்தபோது ஜைபா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பினாள். கௌசர் கரண்டியோடு அசையாமல் நின்றிருந்தாள். மகளின் உதடு அவனுக்குப் பக்கவாட்டில்தான் தெரிந்தது, ஆனால் ப்ரஸ் ஷாப்பில் பழகிய கண் அதைப் படித்துவிட்டது.

“அம்மா, நான் இன்னும் சொல்லவே இல்லியே.”